நாட்டுப் பாதுகாப்பும் ஒரு செக்கர் ஐடியும்

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்ச் முடிவுக் கணக்கு, அது முடிந்த கையோடு ஆடிட். வீட்டில் வங்கிக்காரர் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். மற்றவர்கள் மன்னிக்கவும்.

போபாலுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன ஞாயிறு பிப்லானி பக்கம் பெல் குடியிருப்பில் இருக்கும் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். அவர் திருச்சியிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. அவருடைய பெண் சட்டம் படிக்கிறாள். ஐந்து வருடப் படிப்பில் நான்காவது வருடம். அடையும் அவியலும் இலைக்கு வருவதற்குள் பஞ்சாயத்து ஆரம்பமாகிவிட்டது.

"அங்கிள், அமெரிக்கால நேஷனல் செக்யூரிட்டி லால எல்.எல்.எம். பண்ணலாம்னு இருக்கேன். அதுக்குன்னே யுனிவர்சிட்டில தனி சென்டர் இருக்கு."

"நீங்களே கேளுங்க சார்," என்றார் நண்பர். "கம்பெனி லா படிச்சா மும்பைல நல்ல சம்பளம். இவ என்னமோ போலீஸ் உத்தியோகம் மாதிரி ஒண்ணைச் சொல்றா. அந்த சென்டர்ல இருக்கறவங்க எல்லாம் யாரு? காலைல ஆபீசுக்குப் போய் என்னதான் பண்ணுவாங்க?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த சட்டம் செக் பவுன்ஸுக்கான 138-ம், கடன் வசூலுக்கான சர்ஃபாசியும்தான். ஆனாலும் நண்பர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும், அதில் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம், பின்னால் வருகிறது.

முதலில் எங்கள் தொழில் பாஷையில் ஒரு சின்ன விளக்கம். வங்கியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது மேக்கர் - செக்கர். பத்து ரூபாய் வவுச்சராக இருந்தாலும் என்ட்ரி போடுபவர் ஒருவர், அதைப் பார்த்துப் பாஸ் செய்பவர் இன்னொருவர். யாரையும் திருடன் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இல்லை இது. நல்லவருக்கும் கை தவறும், அவசரம் வரும், மேலிடத்து நெருக்கடி வரும். அதனால்தான் இரண்டாவது ஜோடிக் கண். மோசடி நடந்த கிளைகளின் விசாரணையைக் கேட்டால் பாதிக்கு மேல் ஒரே கதைதான். செக்கர் தன் பாஸ்வேர்டை மேக்கரிடமே கொடுத்து வைத்திருப்பார். "நம்ம பையன்தானே!"

"நாட்டுப் பாதுகாப்பு" என்று மேலே முத்திரை குத்திய தாளுக்கு மேக்கர் யார் என்று நமக்குத் தெரியும். அரசாங்கம். செக்கர் யார்? பாராளுமன்றம், நீதிமன்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் "ரகசியம்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் இரண்டு பேருமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. இந்த மையங்களில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. என் கட்சி இவ்வளவுதான்: இவர்கள் செக்கராக இருந்தால் கொடுக்கிற சம்பளம் அத்தனையும் தகும். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், இல்லாமல் இருப்பதை விட மோசம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்று ஒரு ஊர். அங்கே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1981-ல் தேசியப் பாதுகாப்புச் சட்ட மையத்தைத் தொடங்கியவர்கள் ஜான் நார்ட்டன் மூர், ராபர்ட் டர்னர் என்ற இருவர். மூர் 1969-லேயே இதைத் தனிப் பாடமாக நடத்தியவர். இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி அவர் போட்டது என்பார்கள். பாடப்புத்தகம் தொகுத்தார்கள், மற்ற கல்லூரிப் பேராசிரியர்களை வரவழைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சட்டக் கல்லூரிக்கு அடுத்த கட்டடமே ராணுவ வக்கீல்களுக்கான பள்ளி.

இருவரும் கொடி பிடித்துத் தெருவுக்கு வந்தவர்கள் இல்லை. மூர் வெளியுறவுத் துறையில் சர்வதேசச் சட்ட ஆலோசகராக இருந்தவர். வியட்நாம் போர் சட்டப்படி சரிதான் என்று புத்தகம் போட்டு வாதாடியவர். டர்னர் ராணுவ அதிகாரியாக வியட்நாமுக்குப் போய் வந்தவர், பிறகு ரீகன் காலத்தில் வெளியுறவுத் துறையில் இருந்தவர். ஜனாதிபதிக்கு அதிகாரம் நிறைய வேண்டும் என்ற கட்சி. சுருக்கமாகச் சொன்னால், அரசாங்கத்து ஆட்கள்.

இதைச் சொன்னதும் நண்பர் பாய்ந்தார். "அப்ப ஜால்ராதானே சார்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர்கள் கணக்கில் இரண்டு என்ட்ரிகளைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன்.

முதல் என்ட்ரி. 1991 வளைகுடாப் போரில் சதாம் உசேன் ராணுவத்திடம் பிடிபட்டு அடியும் உதையும் பட்டினியும் அனுபவித்த அமெரிக்க வீரர்கள் 17 பேர், தங்கள் குடும்பங்களோடு சேர்ந்து 2002-ல் ஈராக் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்க வக்கீல்களில் ஒருவர் மூர். 2003 ஜூலையில் நீதிமன்றம் சுமார் 959 மில்லியன் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதற்குள் சதாம் ஆட்சி போய்விட்டது. ஈராக்கின் பணம் நாட்டைத் திரும்பக் கட்டுவதற்கு வேண்டும் என்று குறுக்கே வந்து நின்றது யார் தெரியுமா? அமெரிக்க அரசாங்கமே! 2004 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. வீரர்களுக்கு அந்தத் தீர்ப்பால் காசு வரவில்லை. வாழ்நாளெல்லாம் அரசாங்கத்துக்காக வாதாடிய மனிதர், சித்திரவதை என்று வந்தபோது அதே அரசாங்கத்துக்கு எதிரே மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது என்ட்ரி. 2007 ஜூலையில் புஷ், சி.ஐ.ஏ. விசாரணைகளுக்கு ஜெனீவா ஒப்பந்தத்தின் பொது 3-வது பிரிவு எப்படிப் பொருந்தும் என்று விளக்கி ஒரு உத்தரவு போட்டார். ஆறே நாளில் டர்னரும், அமெரிக்க மரைன் படையின் முன்னாள் தலைமைத் தளபதி பி.எக்ஸ். கெல்லியும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட்டில் கட்டுரை எழுதினார்கள். இந்த உத்தரவுப்படி நடந்தால் அது போர்க்குற்றத்தில் கொண்டுபோய் விடலாம், எங்களால் இதை ஆதரித்துப் பேச முடியாது என்பதுதான் சாரம். இதே டர்னர் புஷ்ஷின் ஒட்டுக்கேட்புத் திட்டத்தை ஆதரித்துப் பேசியவர். எல்லாவற்றையும் எதிர்ப்பவர் எதிர்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தனக்கு வேண்டியவர் போட்ட வவுச்சரைத் திருப்பி அனுப்புபவர்தான் செக்கர்.

இப்போது லெட்ஜரின் அடுத்த பக்கம்.

வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வங்கியின் பேனல் வக்கீலிடம் போகும். அவர் "டைட்டில் க்ளியர்" என்று ஒப்பீனியன் எழுதினால்தான் பணம் வரும். மார்ச் 28-ம் தேதி மேனேஜர் போன் போட்டு, "சார், இன்னிக்கே வேணும், டார்கெட் இருக்கு" என்றால் நல்ல வக்கீல் முடியாது என்பார். சில பேர் நேற்றுத் தேதி போட்டே கொடுத்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்து ஒரு அத்தை பெண் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு வந்து நிற்பாள்.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு இப்படி ஒப்பீனியன் எழுதும் அலுவலகம் நீதித் துறையில் இருக்கிறது. அங்கே 2001 முதல் 2003 வரை இருந்தவர் ஜான் யூ. பெர்க்லி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். 2002 ஆகஸ்ட் 1 தேதியிட்ட அந்தப் பிரபலமான குறிப்பில் கையெழுத்து மேலதிகாரி ஜே பைபியுடையது, எழுத்தில் பெரும்பங்கு யூவுடையது. உடல் உறுப்பு செயலிழந்து போகும் அளவுக்கு, சாவு வரும் அளவுக்கு வலி இருந்தால்தான் அதைச் சித்திரவதை என்று சொல்லலாம் என்று அதில் விளக்கம். 2004 ஜூனில் இது பத்திரிகைகளுக்குக் கசிந்தபோது உலகமே நாறியது. யூ பெர்க்லிக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார். மார்ச் 28-ம் தேதி ஒப்பீனியனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றவரும் ஒரு பேராசிரியர்தான். ஜாக் கோல்ட்ஸ்மித். அதே அலுவலகத்துக்குத் தலைவராக 2003 அக்டோபரில் வந்தார். அவரும் அதே கட்சி, அதே கொள்கை. ஃபைலைத் திறந்து படித்தார், இது நிற்காது என்றார், 2004 ஜூனில் திரும்பப் பெற்றார், கையோடு ராஜினாமாவும் கொடுத்தார். பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். வந்து ஒரு வருடம் கூட அந்த நாற்காலியில் அவர் முழுதாக இருக்கவில்லை.

யூவும் பேராசிரியர், கோல்ட்ஸ்மித்தும் பேராசிரியர். படிப்பும் பட்டமும் ஒன்று. ஒருவர் கேட்டதை எழுதிக் கொடுத்தார், இன்னொருவர் எழுதியதைப் படித்துப் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

படித்துப் பார்ப்பதற்கு விலையும் உண்டு. சார்லஸ் ஸ்விஃப்ட் என்று கடற்படை வக்கீல். பின் லேடனுக்குக் கார் ஓட்டிய ஹம்தான் என்ற ஏமன் நாட்டவருக்காக ராணுவமே 2003-ல் நியமித்தது. ஒப்புக்கு வாதாடிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீல் கட்யாலோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். (கட்யால், இந்தியாவிலிருந்து சிகாகோ போய்க் குடியேறிய பெற்றோரின் பிள்ளை.) 2006 ஜூன் 29-ம் தேதி, புஷ் அமைத்த ராணுவ விசாரணை மன்றங்கள் சட்டப்படி செல்லாது என்று 5-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு. தீர்ப்பு வந்து இரண்டு வாரம் போல ஆனதும் ஸ்விஃப்டுக்கு பிரமோஷன் இல்லை என்று தெரிந்தது. கடற்படையில் பிரமோஷன் இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2007-ல் வெளியே வந்தார். பிரமோஷன் இன்டர்வியூவில் ஊற்றிக்கொண்ட அனுபவம் உள்ள என் போன்றவர்களுக்கு இது நன்றாகப் புரியும். :-)

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அடுத்த கதை. நியூஜெர்சி மாநிலம் நெவார்க்கில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே மார்க் டென்போ என்ற சட்டப் பேராசிரியர் ஒரு ஆய்வு மையம் நடத்தினார். ஆட்கள் யார்? மாணவர்கள். குவாண்டனாமோ சிறையில் இருந்த 517 பேரைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே வெளியிட்ட சுருக்கக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, நாம் கன்கரண்ட் ஆடிட்டில் வவுச்சர் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் படித்து எண்ணினார்கள். உளவு இல்லை, ரகசியக் காகிதம் இல்லை. வெறும் எண்ணிக்கை.

2006 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மோசமானவர்களிலும் மோசமானவர்கள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் அமெரிக்காவுக்கு எதிராகத் தாக்குதல் செயல் எதுவும் செய்ததாக அரசின் தாளிலேயே இல்லை. அல் கொய்தா போராளி என்று அரசே குறித்தது 8 சதவீதம். அமெரிக்கப் படை நேரடியாகப் பிடித்தது 5 சதவீதம். 86 சதவீதம் பேரைப் பாகிஸ்தானோ ஆப்கானிஸ்தானின் வடக்குக் கூட்டணியோ பிடித்து ஒப்படைத்திருந்தது. ஆளைக் காட்டினால் பணம் என்று அமெரிக்கா துண்டு நோட்டீஸ் போட்ட காலம் அது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 2007-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் பயங்கரவாத எதிர்ப்பு மையம் அதே தாள்களை எடுத்து வேறு மாதிரி எண்ணியது. 73 சதவீதம் பேர் ஆபத்தானவர்கள் என்பதற்கு அடையாளம் இருக்கிறது என்றது. யார் சரி என்று சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கவனியுங்கள், இரண்டு தரப்பும் எப்படி எண்ணினோம் என்று விளக்கியிருக்கிறார்கள். பிடிக்காதவர் உட்கார்ந்து டாலி பண்ணிப் பார்க்கலாம். சண்டை போடுவதாக இருந்தாலும் லெட்ஜரைத் திறந்து வைத்துப் போட்ட சண்டை. மொத்தம் சுமார் 780 பேரை அடைத்த அந்தச் சிறையில் 2025 ஜனவரியில் மிச்சம் இருந்தது 15 பேர்.

இப்போது நீங்கள் கேட்கப் போவது தெரியும். "மும்பையில் 2008-ல் என்ன நடந்தது என்று மறந்துபோச்சா? குண்டு வைக்கிறவனுக்கு ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வக்காலத்தா?"

மறக்கவில்லை. நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போய் வருகிறவன்தான். தண்டவாளத்தில் குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டும், கடுமையான சட்டம் வேண்டும், எல்லாவற்றையும் வெளியே சொல்ல முடியாது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். வங்கியிலும் எல்லா ரெஜிஸ்டரையும் கவுண்டரில் விரித்து வைப்பதில்லை. ஆனால் ஸ்ட்ராங் ரூமுக்கு ஒரு சாவி போதும் என்று எந்த வங்கியும் சொல்வதில்லை. அதிகப் பணம் இருக்கும் இடத்தில்தான் இரண்டு சாவி. ஒரு ஆளை விசாரணை இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே வைக்கும் அதிகாரத்தை விட மதிப்பான ஸ்ட்ராங் ரூம் எது? தப்பான ஆளை உள்ளே வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சரியான ஆள் வெளியே இருக்கிறான், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1985-ல் தடா வந்தது, 1995-ல் காலாவதியானது. 2002-ல் பொடா, 2004-ல் ரத்து. 1967-ல் வந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதாவது யு.ஏ.பி.ஏ., பல திருத்தங்களோடு இருக்கிறது. பொடா என்றதும் தமிழ் ஆட்களுக்கு வைகோ ஞாபகம் வரும். பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை ஆதரித்தவர், 2002 ஜூலையில் அதே சட்டத்தில் கைதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். செக்கர் இல்லாத வவுச்சர் ஒருநாள் மேக்கர் மேலேயே வந்து விழும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2021-ல் மத்திய அரசே ராஜ்யசபாவில் கொடுத்த கணக்கு: 2016 முதல் 2019 வரை யு.ஏ.பி.ஏ.வில் கைதானவர்கள் 5,922 பேர். அதே நான்கு வருடத்தில் தண்டனை பெற்றவர்கள் 132 பேர். வழக்குகள் இழுக்கும், ஆகவே கைதான வருடத்திலேயே தீர்ப்பு வராது, அந்தக் கழிவையும் கொடுத்துவிடுகிறேன். இருந்தாலும் ஆயிரம் ரூபாய் லோனுக்கு 22 ரூபாய் திரும்பி வந்தால் என்னை சஸ்பெண்ட் செய்வார்கள். இந்தச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்பதால், தண்டனை இல்லாவிட்டாலும் வருடங்கள் போய்விடும்.

நம்மிடம் மையங்கள் இல்லாமல் இல்லை. ஜே.என்.யு.வில் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்குத் தனி மையம் வந்தது. குஜராத்தில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகத்தை 2020-ல் பாராளுமன்றச் சட்டம் போட்டே அமைத்தார்கள். மேக்கர்களுக்கு நல்ல பயிற்சி வேண்டும், அதில் தப்பில்லை. நான் கேட்பது செக்கரை. அதுவும் நம் பிள்ளைகளால் முடியாத காரியம் இல்லை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் நாடெங்கும் சிறை சிறையாகப் போய், தூக்குத் தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரிடம் பேசி, 2016-ல் அறிக்கை கொடுத்தார்கள். நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று தெரிந்தது. அதுவரை தூக்குக்காகக் காத்திருப்பவர்கள் யார் என்று இப்படி ஒருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில்லை. அதே வேலையை யு.ஏ.பி.ஏ. வழக்குகளுக்குச் செய்யும் சட்டக் கல்லூரி மாநிலத்துக்கு ஒன்று இருந்தால் போதும்.

சரி, வெட்கக்கேடான விஷயத்துக்கு வருகிறேன்.

யு.ஏ.பி.ஏ.வில் 51ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2008-ல் சேர்த்தது. அதன்படி ஐ.நா. பட்டியலில் இருக்கும் பயங்கரவாதிகளின் பெயர் எங்கள் வாடிக்கையாளர்களில் இருக்கிறதா என்று வங்கிகள் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரே பார்த்துவிடும். பெயர் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நிறுத்தி வைக்கும். பிறந்த தேதி, அப்பா பெயர், எந்த நாடு என்று ஒப்பிட்டுப் பார்த்து, இவர் அவர் இல்லை என்று எழுதி அதிகாரி ஒருவர் விடுவிக்க வேண்டும். அந்த அதிகாரிதான் செக்கர்.

சில வருடத்துக்கு முன், வேறொரு ஊரில், வேறொரு கிளையில், அந்த செக்கர் நான். தையல்கார பெரியவர் ஒருவர் கணக்குத் தொடங்க வந்தார். எல்லாரும் மாஸ்டர்ஜி என்று கூப்பிடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் ஆர்டர் அவருக்குக் கிடைக்கிற மாதிரி இருந்தது. பணம் கணக்கில்தான் போடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பெயர் பட்டியலோடு ஒத்துப்போய் நின்றுவிட்டது. அவர் பெயரில் அந்தத் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

நான் அந்தத் திரையைத் திறந்தே பார்க்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் விடுவித்தவன் பெயர்தானே இருக்கும்? பென்டிங்கில் வைத்தவனுக்கு இதுவரை யாரும் சார்ஜ் ஷீட் கொடுத்ததில்லை. "மேலிடத்திலிருந்து வரணும் மாஸ்டர்ஜி, அடுத்த வாரம் பாருங்க" என்றேன். மேலிடம் எதுவும் இல்லை. மேலிடம் நான்தான். அவர் வாரா வாரம் வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கவுண்டர் ஓரமாக நின்று, மற்றவர்கள் போனபிறகு கேட்பார். ஆறாவது வாரம் வரவில்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

நான் லீவில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த பெண் அதிகாரி அந்தப் பென்டிங்கை எடுத்திருக்கிறார். பட்டியலில் இருந்தவருக்கும் மாஸ்டர்ஜிக்கும் இருபது வயது வித்தியாசம். நாடே வேறு. "ரெண்டு நிமிஷ வேலை சார், ஏன் நின்னுச்சுன்னு தெரியல" என்றார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

சட்டம் தப்பு இல்லை. பட்டியல் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். மாஸ்டர்ஜியைத் தடுத்தது பட்டியல் இல்லை, படிக்காத செக்கர். ஜான் யூவைப் பற்றி மேலே நீட்டி முழக்கினேனே, அவராவது கையெழுத்துக்குப் பின்னால் காரணம் என்று நாற்பது, ஐம்பது பக்கம் எழுதினார். நான் ஒரு வரி கூட எழுதவில்லை.

இதை எல்லாம் அந்தப் பெண்ணிடம் நேற்று சொன்னேன். மாஸ்டர்ஜி கதையையும் சேர்த்துத்தான். கூடவே ஒரு வங்கிக்காரனாக இரண்டு யோசனை. ஒன்று, கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக சொத்து ஜாமீன் கேட்பார்கள். அமெரிக்கப் படிப்பு அதைத் தாண்டும், அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். இரண்டு, எந்த மையத்தில் சேர்ந்தாலும் கட்டடத்தையும் பெரிய பெயர்களையும் பார்க்காதே. அங்கே இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களிடம் எப்போதாவது "இது நிற்காது" என்று சொல்லியிருக்கிறார்களா, மாணவர்கள் கையில் அசல் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்களா, இந்த இரண்டை மட்டும் விசாரி. அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பாராளுமன்றப் பதில்கள் இருக்கின்றன, குற்றப் பதிவேட்டு ஆணையத்தின் வருட அறிக்கை இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. எண்ண ஆரம்பிக்க விசா வேண்டாம்.

நண்பர் பத்திரம் என்றதும் கொஞ்சம் ஆடிப்போனார். ஆனாலும், "போலீஸ் வேலை இல்லைங்கறீங்க, ஆடிட்டர் வேலைங்கறீங்க. அப்படின்னா பரவாயில்ல" என்றார். அவர் கவலை அவருக்கு.

அவள் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள். "அங்கிள், அந்த டெய்லர் மாதிரி பேர் ஒத்துப்போச்சுன்னு நின்னு போனவங்க மொத்தம் எத்தனை பேர்? யாராவது எண்ணியிருக்காங்களா?"

என்னிடம் பதில் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ், எத்தனை ஸ்டேட்மெண்ட், எத்தனை ரிட்டர்ன் அனுப்பியிருக்கிறேன். இந்தக் காலம் ஒன்றில் கூட இருந்ததாக ஞாபகம் இல்லை.

உங்கள் வீட்டிலும் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். வட இந்தியாவில் இனிஷியலோடு வாழ்கிற நமக்கே பெயர்க் குழப்பத்தில் மாட்டிய அனுபவம் இருக்கும். இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குறைந்தபட்சம் நம்மை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

டிஸ்கி: இது முழுக்க என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பென்டிங்கில் வைத்தது மட்டும் நான்தான், அதில் டிஸ்கி எதுவும் இல்லை.